அமெரிக்கத் தென்மாநிலங்களின் கட்சிச் சார்பு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தோற்ற 11 தென்மாநிலங்களில், யார் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்பதை நூறாண்டுக் காலம் அந்தப் போரே முடிவுசெய்தது. வெள்ளையரில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியின் பக்கம் நின்றனர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர் ஆபிரகாம் லிங்கனின் குடியரசுக் கட்சியைத் தங்கள் கட்சியாகக் கருதினர்.

1867இல் கறுப்பின ஆண்கள் தென்மாநிலங்களில் வாக்குரிமை பெற்றதும் அங்கே குடியரசுக் கட்சி ஆட்சிகள் அமைந்தன. 1870இல் மிசிசிப்பியின் ஹைரம் ரெவல்ஸ் நாட்டின் முதல் கறுப்பின செனட்டர் ஆனார். வெள்ளையரின் எதிர்ப்பு ஆயுதம் தாங்கி வந்தது. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் கறுப்பினத்தவர் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். 1877இல் கூட்டரசுப் படைகள் காவலைக் கைவிட்டதோடு அந்த ஆட்சிகளில் எஞ்சியிருந்தவையும் முடிவுக்கு வந்தன.

1880 முதல் 1916 வரை நடந்த 10 குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் இந்த 11 மாநிலங்களும் ஜனநாயகக் கட்சியையே தேர்ந்தெடுத்தன. இதை மக்களின் ஒருமித்த மனம் என்று கொள்வது பெரும் பிழை. மிசிசிப்பியின் 1890ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, வாக்காளராகப் பதிய வருபவர் அந்த அரசமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது பிறர் படிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். சொன்ன பொருள் சரியா என்பது பதிவு அலுவலரின் விருப்பம். அதற்கு மேல் 2 டாலர் தலைவரியும் உண்டு. லூசியானாவில் 1896இல் 1,30,000க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904இல் ஏறத்தாழ 1,300 ஆனது.

தெற்கு முழுவதும் ஒரே போக்கில் போகவுமில்லை. அடிமைகள் குறைவாக இருந்த கிழக்கு டென்னசியின் மலைப்பகுதி உழவர்கள் 1861 ஜூன் வாக்கெடுப்பிலேயே நாட்டிலிருந்து பிரிவதைப் பெருவாரியாக நிராகரித்தவர்கள். போருக்குப் பின் அவர்கள் குடியரசுக் கட்சியில் ஊன்றி நின்றனர். நாக்ஸ்வில் நகரை உள்ளடக்கிய நாடாளுமன்றத் தொகுதி 1867 முதல் இன்றுவரை அக்கட்சியின் கையைவிட்டுப் போகவில்லை.

தெற்கில் வாக்கு மறுக்கப்பட்ட நிலையில், கறுப்பின வாக்காளர்களின் கட்சி மாற்றம் வட மாநில நகரங்களில் தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1936இல் அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்தனர். ஜனநாயகக் கட்சி குடிமை உரிமைகளின் பக்கம் சாய்ந்தபோது தெற்கின் வெள்ளையர் விலகத் தொடங்கினர். 1948 குடியரசுத் தலைவர் தேர்தலில் அக்கட்சியிலிருந்து விலகித் தனியாகப் போட்டியிட்ட ஸ்ட்ராம் தர்மண்ட் 4 மாநிலங்களை வென்றார். 1964இல் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த, குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர், கறுப்பினத்தவர் வாக்காளர் பட்டியலில் அநேகமாக இடம்பெறாத மிசிசிப்பியில் 87 விழுக்காடு வாக்கு பெற்றார். போர் முடிந்து நூறாண்டு நெருங்கும்போது, லிங்கனின் கட்சிக்கு அங்கே கிடைத்த வாக்கு அது.

மாநில அளவில் மாற்றம் மெதுவாகவே வந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்தவர்களே சட்டமன்றத்துக்கும் உள்ளூர்ப் பதவிகளுக்கும் பழைய கட்சிக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்தனர். 1870களுக்குப் பிறகு ஜார்ஜியாவில் குடியரசுக் கட்சியின் ஆளுநர் முதன்முறையாகத் தேர்வானது 2002இல். அலபாமா சட்டமன்றம் அக்கட்சியின் வசமானது 2010இல்.