பூர்ஜ மரத்து ஊர்

போலந்தின் தெற்கே விஸ்துலா நதியும் ஸோவா நதியும் கலப்பதற்கு முன் உண்டாக்கும் கவட்டையில் இருக்கிறது பிஜெஜின்கா என்ற கிராமம். தாழ்ந்த, தட்டையான நிலம். அடியில் களிமண் என்பதால் மழைநீர் இறங்க வழியின்றித் தேங்கி நிற்கும். சுற்றுவட்டாரத்தில் மீன் குளங்கள் மிகுந்திருப்பது இதனால்தான். ஊரின் பெயருக்குச் சிறு பூர்ஜ வனம் என்று பொருள். பூர்ஜபத்திரம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோமே, அந்தப் பட்டையைத் தரும் மரத்தின் இனம். போலிஷ் சொல்லான ப்ஜோஸா, ஜெர்மன் சொல்லான பிர்கெ, சமஸ்கிருத பூர்ஜம் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. மரத்தின் ஜெர்மன் பெயரோடு, நதியோர ஈரநிலத்தைக் குறிக்கும் இன்னொரு சொல்லையும் சேர்த்தால் பிர்கெனாவ். மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது; மூலத்தில் இல்லாத பூகோளத் தகவல் ஒன்றுகூட அதில் இருக்கிறது. உலகம் இந்த ஊரை அந்தப் பெயரில்தான் அறியும்.

முகாமைப் பற்றி நான் படித்தவற்றில் பல 1941-இல் தொடங்குகின்றன. கிராமம் ஒரே வாக்கியத்தில் காலி செய்யப்பட்டுவிடுகிறது. எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பக்கத்து நகரம் ஓஷ்வியென்சிம். ஒரு சிறு பிரபுத்துவ நாட்டின் தலைநகராக இருந்து, 1457-இல் போலந்து அரசருக்கு விலைக்குப் போனது. 1772-இல் ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது. 1918-இல் மீண்டும் போலந்து. ரஷ்ய, பிரஷ்ய, ஆஸ்திரிய எல்லைகள் சந்தித்த இடம் அதிக தூரத்தில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்தது. பல திசைகளிலிருந்து பாதைகள் கூடும் சந்திப்பாயிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் நகரத்து ஜனங்களில் பாதிக்கு மேல் யூதர்கள். அவர்கள் தங்கள் யித்திஷ் மொழியில் நகரை ஓஷ்பிட்சின் என்றார்கள். 1939-இல் நாஜிகள் இந்தப் பிரதேசத்தை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டு ஆஷ்விட்ஸ் என்றார்கள். பிஜெஜின்காவின் குடியானவர்களுக்கு இந்த அரசியல் மாற்றங்கள் வேறு வேறு வரி வசூலிப்பவர்களாகவே வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நிலம் எப்போதும் போல ஈரமாகவே இருந்தது.

1941 மார்ச், ஏப்ரலில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிஜெஜின்கா மட்டுமல்ல, பாபிட்ஸே, புடி, ரைஸ்கோ, ஹார்மென்ஜே போன்ற அண்டைக் கிராமங்களும். சுமார் 40 சதுர கிலோமீட்டர் நிலம் முகாமின் தனி ஆதிக்கத்துக்குள் போயிற்று. பிறகு வீடுகளை இடித்தார்கள். அக்டோபரில் கொண்டுவரப்பட்ட சோவியத் யுத்தக் கைதிகள் புது முகாமைக் கட்டத் தொடங்கினார்கள். வசந்தம் வருவதற்குள் அவர்களில் பெரும்பாலோர் மடிந்தார்கள். இடித்த வீடுகளின் செங்கல்லே முதல் கொட்டடிகளுக்கு ஆனது. அஸ்திவாரம் இல்லாமல், சேற்றின்மேல் நேராக எழுப்பிய சுவர்கள். நீர் வடிய வாய்க்கால் வெட்டியவர்களும் கைதிகளே. பின்னால் வந்த மரக் கொட்டடிகள் ராணுவக் குதிரை லாயங்களுக்கான அளவில் தயாரானவை.

எல்லா வீடுகளையும் இடிக்கவில்லை. காட்டோரம் தனித்து நின்ற இரண்டு குடியானவர் வீடுகளை விட்டுவைத்தார்கள். ஒன்று பூசாத செங்கல் வீடு, மற்றது வெள்ளையடித்தது. சிவப்பு வீடு, வெள்ளை வீடு என்றே அவை குறிப்பிடப்படுகின்றன. 1942-இல் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர்களை மாற்றி, இரண்டையும் விஷவாயு அறைகளாக்கினார்கள். சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்ற அறைகள். பிணங்களைப் பக்கத்துப் புல்வெளியில் புதைத்தார்கள். அந்த மண்ணில் புதைத்தது அடங்கவில்லை. செப்டம்பரிலிருந்து தோண்டி எடுத்து எரித்தார்கள். பெரிய எரிகூடங்கள் நான்கும் 1943-இல்தான் வந்தன. ஆஷ்விட்ஸ் முகாம்களில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். அதில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள்.

இந்த எண்களின் பக்கத்தில் வீடிழந்த குடியானவர்களை வைத்துப் பேசுவது சரியா என்று கேட்கலாம். இரண்டும் ஒரே தராசில் ஏறுவன அல்ல. ஏற்றவும் நான் முயலவில்லை. ஆனால் எந்த மண்ணும் வெறுமையாக இருந்து முகாமாகவில்லை.

1945-க்குப் பிறகு ஊர்க்காரர்கள் திரும்பினார்கள். இருப்பதற்கு வீடு இல்லை. எதிரே கொட்டடிகள் இருந்தன. மரக் கொட்டடிகளில் பெரும்பாலானவற்றை அந்த ஆண்டுகளில் பிரித்துக் கொண்டுபோய் வேறிடங்களில் புனர்நிர்மாணத்துக்குப் பயன்படுத்தினார்கள். மக்களும் பலகை எடுத்தார்கள். கிராமத்தை முகாமாக்கியவர்கள் கிராமத்தின் செங்கல்லை எடுத்தார்கள். இப்போது முகாமின் பலகை கிராமத்துக்குத் திரும்பிற்று. இதைக் கொள்ளை என்று எழுதுகிறவர்கள் குளிர்காலத்தை மறந்துவிடுகிறார்கள்.

1947-இல் சட்டம் இயற்றி முகாமை நினைவிடமாக்கினார்கள். 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. போலந்தின் வற்புறுத்தலால் 2007-இல் அங்கே அதன் பெயரில் ஜெர்மன் நாஜி என்ற அடைமொழிகள் சேர்ந்தன. பெயர் விஷயத்தில் இவர்களுக்கு இருக்கும் ரோஷம் எனக்குப் புரிகிறது. முகாமின் வெளிப்புறத்தில் எஸ்.எஸ். தளபதி அலுவலகமாக இருந்த கட்டிடம் 1983-இலிருந்து ஊரின் மாதா கோயில். யூதர்கள் ஆட்சேபித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூஜை நடக்கிறது.

சிவப்பு வீட்டை நாஜிகளே இடித்து மண்ணை மூடிவிட்டிருந்தார்கள். போருக்குப் பின் நிலம் பழைய உரிமையாளர்களிடம் திரும்பிற்று. அதே இடத்தில் ஒரு குடும்பம் வீடு கட்டிப் பல்லாண்டுகள் வாழ்ந்தது. 2000களின் தொடக்கத்தில்தான் அவர்களுக்கு வேறு வீடு கொடுத்து, அந்த வீட்டை அப்புறப்படுத்தி, நிலத்தை நினைவிடத்தோடு சேர்த்தார்கள். இப்போது அங்கே புல்லும் சில நினைவுக்கற்களும். பிஜெஜின்காவின் மற்ற வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.