தண்ணீர் குடித்த எஞ்சின்கள்

ஆழமான தண்ணீரில் வண்டியை இறக்கினால் எஞ்சின் நின்றுபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சில சமயம் உடைந்தே போகிறதே, ஏன்? காற்றை அழுத்திச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்! ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால், மேலே வரும் பிஸ்டன் அதில் மோதும், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்று ஜீப்பில் காடு மேடு சுற்றுபவருக்கு இது பணச்செலவு. இரண்டாம் உலகப்போரில் இது உயிர்ப் பிரச்சினை.

1940-ல் இங்கிலாந்தைத் தாக்கத் திட்டமிட்ட ஜெர்மனி, கடலின் அடியிலேயே ஊர்ந்து போகும் டாங்கிகளைத் தயாரித்தது. இடுக்குகளை எல்லாம் அடைத்தார்கள். பீரங்கிக் கூண்டு சுழலும் இடத்தில் காற்றடைத்த ரப்பர் குழாய். புகை வெளியேறும் வழியில் ஒருவழி வால்வு. மூச்சுக்காற்று மேலே மிதவையில் கட்டிய நீண்ட குழாய் வழியாக வந்தது. 15 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்பது கணக்கு. டிரைவருக்கு எதுவும் தெரியாது, வழி சொல்வது ரேடியோதான்! படையெடுப்பு நடக்கவில்லை. ஆனால் 1941 ஜூன் 22 அன்று, குட்டையான இரும்புக் குழாய் பொருத்திய இதே டாங்கிகள் பூக் ஆற்றுக்குள் இறங்கி சோவியத் கரையில் ஏறின.

1944-ல் நேச நாடுகள் நார்மண்டியில் இறங்கியபோது பிரச்சினை இன்னும் பெரிது. ஆயிரக்கணக்கான ஜீப்புகளும் லாரிகளும் படகிலிருந்து நேராகக் கடலில் குதிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மீதெல்லாம் கல்நார் கலந்த கிரீஸை அப்பினார்கள். காற்றுக் குழாயையும் புகைக் குழாயையும் உயரத் தூக்கிக் கட்டினார்கள். கரை ஏறியதும் இதையெல்லாம் பிரித்தாக வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் பிழைத்த எஞ்சின் சூட்டில் போய்விடும்!

சில ஷெர்மன் டாங்கிகளை நீந்தவே வைத்தார்கள். ஹங்கேரியில் பிறந்த நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர் என்ற பொறியாளரின் யோசனை இது. டாங்கியைச் சுற்றி கேன்வாஸ் துணித் தடுப்பு, பின்னால் இரண்டு புரொப்பல்லர். முப்பது டன் இரும்பு துணியின் தயவில் மிதந்தது. அமைதியான தண்ணீரில் நன்றாகவே மிதந்தது. ஒரு அடி உயர அலையைத் தாங்கும் என்று செய்தார்கள். ஜூன் 6 காலையில் ஒமாஹா கடற்கரையில் அலை ஆறு அடி வரை எழுந்தது.

அமெரிக்காவின் 741-வது டாங்கி பட்டாலியன், கரைக்கு சுமார் 5 கிலோமீட்டர் முன்பே 29 டாங்கிகளைக் கடலில் இறக்கியது. அலையில் துணி மடங்கியது, தண்ணீர் உள்ளே கொட்டியது... 27 டாங்கிகள் மூழ்கின. நீந்திக் கரை சேர்ந்தவை இரண்டே இரண்டு. உள்ளே இருந்தவர்களில் பலரைப் படகுகள் மீட்டன, சிலர் டாங்கியோடு போனார்கள். எஞ்சினில் குறையில்லை, ஓட்டியவர்களிடமும் குறையில்லை. அந்தக் கடலில் இறக்கச் சொன்ன முடிவுதான் தவறு.

அதே கடற்கரையின் மேற்குப் பகுதியில் 743-வது பட்டாலியனும் அதே வகை டாங்கிகளோடுதான் வந்திருந்தது. கடல் இருந்த கோலத்தைப் பார்த்த அதிகாரிகள் நீந்த விடவில்லை. படகுகளைக் கரை வரை ஓட்டிப்போய், ஆழம் குறைந்த இடத்தில் டாங்கிகளை இறக்கினார்கள். குண்டு மழைக்கு நடுவே அவற்றில் பெரும்பாலானவை கரை ஏறின. காலாட்படைக்குத் துணையாகச் சுடத் தொடங்கியவை அவைதான்.