வீணாய்ப் போன சூடு

2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்கள். அடுத்த வருசம் பெற்றோல் கியூவில் நின்ற ஆக்கள் நாங்கள். ஆனால் எண்ணெயைச் சுத்திகரிக்கிறதுக்கே எண்ணெய் எரிக்க வேணும் என்பது, கலைப்பீடத்துக்காரரான எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

மசகு எண்ணெயை உலையில் ஏறத்தாழ 350 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிக் கோபுரத்துக்குள் விடுவார்கள். மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் கொதிநிலைப்படி வேறு வேறு உயரத்தில் பிரிந்து வரும். சுடச்சுட வருவதால் தாங்கியில் சேர்க்க முதல் ஆறவைக்க வேணும். ஒரு பக்கம் எரித்துச் சூடாக்குகிறோம், மறுபக்கம் தண்ணீர் விட்டு ஆற்றுகிறோம்! வெளியே வருகிற சூடான எண்ணெயையும் உள்ளே போகிற குளிர்ந்த எண்ணெயையும் ஓர் உலோகச் சுவரின் இரு பக்கமும் ஓடவிட்டால் சூடு கைமாறும். இது பழைய யோசனைதான். எந்த ஓட்டத்தை எதோடு சேர்ப்பது, கடைசியில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் சிக்கல்.

1971இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் ஹோமன் என்ற ஆய்வு மாணவர், ஆகக்குறைந்தது எவ்வளவு வெப்பம் வெளியிலிருந்து தேவை என்பதை, குழாய் அமைப்பை வரைய முதலே கணக்கிடலாம் என்று தன் ஆய்வேட்டில் காட்டினார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்க வேணும்? பீப்பாய் ஒன்று இரண்டு, மூன்று டொலர். அந்த மலிவும் தானாய் வந்ததில்லை. எண்ணெய் வளமுள்ள நாடுகளின் விலையை நீண்டகாலம் மேற்குக் கம்பனிகளே தீர்மானித்தன. வீணாய்ப் போனது யாருடைய எண்ணெய் என்றும் கேட்க வேணும்தானே.

1973 ஒக்டோபரில் யுத்தம், எண்ணெய்த் தடை. சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்கு.

1978இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் போடோ லின்ஹொஃபும் ஜோன் ஃபிளவரும் தங்கள் முறையை வெளியிட்டார்கள். ஜப்பானில் உமேதாவின் குழுவும் அதே காலத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. சூடான ஓட்டங்களை ஒரு கோடாகவும் குளிர்ந்தவற்றை இன்னொரு கோடாகவும் வரைந்தால், இரண்டும் ஓரிடத்தில் மிக நெருங்கும். அதற்குப் பெயர் 'பிஞ்ச்'. அந்த இடத்துக்கு மேலே உள்ள சூட்டைக் கீழே கடத்தினால் தண்டம் இரண்டு தரம்: உலைக்குக் கூடுதல் எரிபொருள், ஆற்றக் கூடுதல் தண்ணீர்.

இதை லின்ஹொஃபின் மேதைமைக் கதையாக மட்டும் படிக்க எங்களுக்கு மனம் வரேல்லை. அவர் பிறகு ஐ.சி.ஐ. கம்பனியில் இதைத் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுபோனார். 1982இல் வழிகாட்டி நூலும் வந்தது. இப்போது ஹோமனையும் முன்னோடி என்று சேர்த்து எழுதுகிறார்கள்.