நிழலும் பூவேலையும்

குள்ளஞ்சாவடியில் உறவினர் ஒருவரின் இல்லக் கூடத்தில் பழைய புகைப்படம் ஒன்று தொங்குகிறது. தலைப்பாகை அணிந்த பாட்டனார் நாற்காலியில் வீற்றிருக்கிறார். முகம் மட்டும் கறுப்பு வெள்ளை. பின்னுள்ள திரையும், காலடி விரிப்பும், அருகிலுள்ள பூச்சாடியும் தூரிகையால் தீட்டப்பட்டவை. வீட்டைப் புதுப்பிக்கும் இளைஞர்கள் அதனைக் கழற்ற எண்ணி, "உருவப்படம் வைத்திருப்பது கூடுமா, ஹஜ்ரத்?" என வினவினர். விடை கூறுமுன் அத்தகைய படத்தின் வரலாற்றை அறிதல் நலம்.

பஸ்ராவில் 965இல் பிறந்த இப்னுல் ஹைதம், பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி உண்டாகிறது என்று தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் நிறுவினார். சிறு துளை வழியே இருட்டறையில் விழும் பிம்பத்தையும் அவர் ஆராய்ந்தார். அந்நூல் இலத்தீனுக்குச் சென்று, அண்மையும் சேய்மையும் தோன்றப் படம் வரையும் ஐரோப்பிய முறைக்குத் துணைநின்றது. அவர் ஆராய்ந்த இருட்டறையே பிற்காலப் புகைப்படக் கருவியின் அடிப்படை.

1839இல் பிரான்சில் டாகேரின் புகைப்பட முறை வெளியிடப்பட்டது. விரைவிலேயே அக்கலை இந்தியாவை எட்டியது. 1856இல் சென்னையில் புகைப்படக் கழகமும் தோன்றிற்று. வண்ணம் அறியாத அப்படங்களுக்கு வண்ணம் சேர்க்க நம் நாட்டு ஓவியர்கள் முன்வந்தனர். உதயப்பூர், நாத்துவாரா முதலிய ஊர்களில் அவர்கள் புகைப்படத்தின் மீதே வண்ணமும் பொன்னும் பூசினர்.

அவர்கள் செய்தது வண்ணம் பூசுதல் மட்டுமன்று. புகைப்படம் ஆழம் காட்டுவது. அறையின் பின்சுவர் தொலைவில் மங்கித் தோன்றும். ஓவியரோ அந்நிழல்களை மூடி, கொடியும் பூவும் கட்டமும் நிறைந்த விரிப்பையும் திரையையும் வரைந்தார். தொலைவு மறைந்தது; தரையும் சுவரும் ஒரே தளமாய் எழுந்து நின்றன. அப்பூவேலையின் நடுவே முகம் மட்டும் உயிர்ப்புடன் முன்வந்தது.

மார்க்கத்தின் பார்வையிலும் இது சிந்திக்கத்தக்கது. ஓவியத் தொழிலாளி ஒருவருக்கு மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். எகிப்தின் முஃப்தியாயிருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ (1854–1935), புகைப்படம் என்பது நிழலைத் தடுத்து நிறுத்துவதேயன்றிப் புதிதாய் உருவம் படைப்பதன்று என வாதிட்டார். உலமாக்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அக்கூடத்துப் படத்தில் முகம் ஒளியின் பணி. மனிதக் கை வரைந்தது பூவும் துணியுமே.

இக்கலை இன்றும் வேறு வடிவில் வாழ்கிறது. 1956இல் மொராக்கோவில் பிறந்த லல்லா அஸ்ஸைதீ என்னும் பெண்மணி, பெண்களின் முகத்திலும் ஆடையிலும் பின்சுவரிலும் மருதாணியால் அரபி எழுத்துகளை நிறைத்துப் படம் எடுக்கிறார். ஆடவர் வசமிருந்த எழுத்தணிக் கலையைப் பெண்டிரின் மருதாணியால் எழுதுகிறார். ஆடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பது புலப்படாது. பண்டைய ஓவியர் முகத்தைத் தொடாது விட்டார். இவர் முகத்தையும் எழுத்தின் பரப்பாக்கினார்.

இளைஞர்களுக்கு நான் கூறியது இதுவே: தொழும் திசையில் அதனைத் தொங்கவிட வேண்டாம், குப்பையிலும் எறிய வேண்டாம். பின்புறத்தில் பாட்டனாரின் பெயரையும் ஊரையும் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பெயர் தெரிந்த மூதாட்டியார் இன்னும் நம்மிடையே இருக்கிறார். அவரிடம் இன்றே கேளுங்கள். பெயர் மறந்துவிட்டால் அம்முகம் யாருக்கும் உரியதாகாது.