ஏடு முதல் விரலி வரை

மனிதன் தேடிய செல்வங்களுள் தலையாயது அறிவு. அச்செல்வத்தைக் கையோடு எடுத்துச் செல்லும் சாதனங்களுக்கும் ஒரு சரித்திரமுண்டு.

நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியாற் கீறிச் சுவடி கட்டினர். ஏடு செல்லரிக்குமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுவதே அதைக் காக்கும் வழியாயிருந்தது. அவ்வாறு எழுதுவாரின்றி அழிந்த நூல்கள் எத்தனையோ! பழஞ்சுவடியைப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடுவது புண்ணியமென்ற மூட நம்பிக்கையும் சிலவற்றை மாய்த்தது. எஞ்சியவற்றை ஊரூராகத் தேடி, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் போன்றோர் உழைத்திராவிடில் நமது நஷ்டம் இன்னும் பெரிதாயிருக்கும்.

கம்ப்யூட்டர் யுகத்திலும் இக்கதையே தொடர்ந்தது. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட ராமாக் யந்திரம், 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளை அடக்கியது. அதன் கனமோ ஒரு டன்னுக்கு மேல்! 1971-ல் 8 அங்குல நெகிழ்தட்டு வந்தது. பின்னர் அது மூன்றரை அங்குலமாகச் சுருங்கி, 1.44 மெகாபைட் கொண்டு, சட்டைப் பைக்குள் புகுந்தது.

1980-களில் ஜப்பானின் தோஷிபா கம்பெனியிற் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா, சுழலும் தட்டே வேண்டாத ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டார். நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்துவதே அதன் சூட்சுமம். மின்சாரம் நின்றாலும் எழுத்து நிற்கும். 2000-ஆம் ஆண்டில் நமது சிங்கப்பூரைச் சேர்ந்த டிரெக் 2000 கம்பெனி, அதனை விரலளவாக்கித் 'தம்ப் டிரைவ்' என விற்பனைக்கு அனுப்பியது. அதையே விரலி என்கிறோம். 32 கிகாபைட் விரலி ஒன்று, அந்த மூன்றரை அங்குலத் தட்டுகள் 20,000-க்கும் மேற்பட்டவற்றுக்கு ஈடாகும். மாணவனின் பாடம், கடைக்காரரின் கணக்கு, காரிற் கேட்கும் பாட்டு, கல்யாணப் படம் யாவும் அதனுள் அடக்கம்.

ஆயினும் அன்பர்களே, ஏமாந்துவிடலாகாது! சிறைப்பட்ட மின்னூட்டம் ஆண்டுகள் பல செல்லச் செல்ல மெல்லக் கசியும். செல்லரிப்பு கண்ணுக்குத் தெரியும், இதுவோ தெரியாது. துண்டாடப்பட்ட தோட்டங்களையும் இடிக்கப்பட்ட லயங்களையும் நாம் இனிக் காணப் போவதில்லை. பாட்டனார் பால் மரம் வெட்டிய படமும், தோட்டத் தமிழ்ப் பள்ளியின் பழைய புகைப்படமுமே சாட்சி. அவற்றை ஒரே விரலியில் ஏற்றி அலமாரியிற் பூட்டி வைப்பது, ஏட்டைப் பரணிற் போட்டு மறந்ததற்கு ஒப்பாகும்.

ஆகவே, இரண்டு படிகள் எடுங்கள். ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய விரலிக்கு மாற்றுங்கள். பிள்ளைகளையும் இவ்வேலையிற் பழக்குங்கள். சாதனம் எத்துணை மாறினும், பெயர்த்தெழுதும் கடமை மாறவில்லை.