ஆர்கோ

கடலியல் செய்திகளில் அடிக்கடி தென்படும் 'ஆர்கோ', ஆளுயர மிதவைக் கருவி ஒன்றின் பெயர். கிரேக்கத் தொன்மத்தில் பொன் ஆட்டுத்தோலைத் தேடி ஜேசன் என்னும் வீரன் ஏறிச் சென்ற கப்பலின் பெயரும் அதுதான். கட்டியவன் ஆர்கஸ் என்பதால் அப்பெயர் என்பர். மிதவைக்கு அது வேண்டுமென்றே வைத்த பெயர்தான். கடல்மட்ட உயரத்தை அளக்க 2001-இல் ஏவப்பட்ட செயற்கைக்கோள் ஜேசன். மேலிருந்து எட்டாத ஆழத்தை ஆர்கோ அளக்கிறது. அருமையான இணை!

மிதவை 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு நகரும். சுமார் 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கும். பிறகு, உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குள் தள்ளிப் பருமனைக் கூட்டிக்கொண்டு, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்தபடியே மேலேறி, செயற்கைக்கோளுக்குத் தரவை அனுப்பும். இன்று உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோக்கள் மிதக்கின்றன. இவற்றின் இந்தியத் தரவு மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது.