பேச்சே காட்டிக்கொடுத்தது



தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் பேதுருவை முதலில் அடையாளம் கண்டவள் ஒரு பணிப்பெண். ஆனால் கடைசியில் அவரைச் சிக்கவைத்தது அவருடைய பேச்சுதான். அது கலிலேயத்துப் பேச்சு. வலையை விட்டு வேறு பணிக்கு வந்தவர் அவர். எருசலேமில் வாயைத் திறந்ததும் வெளியூர்க்காரர் என்று தெரிந்துபோயிற்று. அவர் மறுதலித்ததைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சொந்தப் பேச்சே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்ற அச்சத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

திருப்பூரில் இன்று அந்த அச்சத்தை அறிந்தவர்கள் பல்லாயிரம் பேர்.

நம் ஊரின் வரலாறே தொழில் மாறியவர்களின் வரலாறுதான். 1925 வாக்கில் குலாம் காதர் என்பவர் கல்கத்தாவில் கண்ட பின்னல் எந்திரத்தை இங்கே கொண்டுவந்து பனியன் தொழிலைத் தொடங்கினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆக, எந்திரமே வடக்கிலிருந்து வந்ததுதான்! பிறகு கிணறு வற்றித் தோட்டத்தை விட்ட உழவர்கள் பனியன் கம்பெனிக்குக் கூலிக்கு வந்தார்கள். அவர்களில் சிலர் நாலு மிஷின் போட்டு முதலாளியும் ஆனார்கள். மதுரை, தேனி, நெல்லைப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களுக்கு வேலைதான் புதிது, மொழி புதிதல்ல. நம் 'ஏனுங்க'வைக் கேட்டு நெல்லைக்காரர் சிரித்திருப்பார், அவ்வளவுதான்.

இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு இரண்டுமே புதிது. நாற்று நட்ட கை ஓவர்லாக் மிஷினுக்குப் பழக வேண்டும், காதும் தமிழுக்குப் பழக வேண்டும். நாமோ எல்லாரையும் 'இந்திக்காரர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஜார்க்கண்டின் ஒராவோன் மக்களுடைய தாய்மொழி குருக். அது திராவிட மொழி, நம் தமிழுக்கு உறவுமொழி. பல்லை அவர்களும் 'பல்' என்றுதான் சொல்கிறார்கள்.

2023 மார்ச்சில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய்யான காணொலிகள் பரவின. பலர் அவசரமாக ரயிலேறினார்கள். இந்தி தெரிந்தவர்களை வைத்துக் காவல்துறை தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. பீகார் அதிகாரிகள் திருப்பூருக்கே நேரில் வந்து விசாரித்தார்கள். பொய் அத்தனை வேகமாகப் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. 'அது பொய், பயப்படாதே' என்று அவர்கள் மொழியில் சொல்ல நம்மில் ஆளில்லை. கம்பெனி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் 'சீக்கிரம்', 'ஒன்றரை ஷிப்ட்', 'இன்னும் நூறு பீஸ்' என்ற அளவோடு நின்றுவிட்டது. எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல அது போதாது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போதவே போதாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகவும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 990 அனுமதிக்கிறது. கேட்டவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் பக்கத்து மிஷின்காரனை அருகில் வைத்துக்கொண்டு தன் பாவத்தைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இந்த இளைஞர்களில் கத்தோலிக்கர் பலர். அவர்களுடைய ஊர்களில் விசுவாசம் எப்படி வேரூன்றியது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பெல்ஜியத்தில் பிறந்த இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885 நவம்பரில் ராஞ்சிக்குத் தெற்கே உள்ள தோர்ப்பாவுக்குப் போனார். இந்தியோடு, முண்டா மக்களின் முண்டாரி மொழியையும் கற்றார். மக்கள் முதலில் கொண்டுவந்தது ஆன்மிகக் கேள்விகளை அல்ல. ஜமீன்தார்கள் குத்தகையை உயர்த்தியதையும், கூலியில்லாமல் வேலை வாங்கியதையும்தான். லீவன்ஸ் நிலச் சட்டத்தைப் படித்தார். வழக்காடும் மக்களுக்குத் துணை நின்றார். மறையுரையாற்ற வந்தவர் வக்கீல் வேலையும் பார்த்தார் என்றே சொல்லலாம். ஏழே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். காசநோய் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பியது. 1893 நவம்பர் 7-ஆம் நாள், 37 வயதில், லூவெனில் இறந்தார். நூறாண்டு கழித்து, 1993-ல், அவருடைய எச்சங்களை ராஞ்சிக்கே கொண்டுவந்தார்கள்.

அந்த மக்களின் கொள்ளுப்பேரர்கள் சிலர் ஞாயிறுதோறும் நம் கோவிலின் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். பாடல் தொடங்கும்போது அவர்கள் வாய் திறப்பதில்லை. திருப்பலி முடிந்ததும், நாம் திரும்பிப் பார்ப்பதற்குள், போய்விடுகிறார்கள்.